ஆணியை எண்ணத்தான் வேணும், சாமி!

"பொம்மை ரயிலு தானே சார், அதுக்குப் போயி எதுக்கு இத்தினி ஆராய்ச்சி?"

மாடல் ரயில் செய்யிற எல்லாருக்கும் பழகிப்போன கேள்வி இது. வெளியாளுங்க கேட்டா எனக்குக் கோபமே வராது. சிரிச்சுட்டுப் போயிடுவேன். ஆனா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண்ணு பூத்துப்போக பிளாஸ்டிக் ஷீட்டை அறுத்து, ஃபெவிக்விக்ல விரலை ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற நம்ம ஆளுங்களே இதைக் கேக்கும்போதுதான் பத்திக்கிட்டு வருது. இந்தப் பதிவு அவங்களுக்குத்தான். மத்தவங்க வேடிக்கை பார்க்கலாம், டிக்கெட் கிடையாது :-)

மேட்டர் இதுதான். சமீபத்துல ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். யார் நடத்தினாங்க, யாரோட மாடல்ங்கிறதெல்லாம் வேணாம், எனக்கு ஆள் மேல சண்டை இல்ல. எட்டடி நீளத்துக்கு ஒரு மேசை. மேல அழகா ஒரு அட்டை: "பழைய மெட்ராஸ் துறைமுகம், ராயபுரம், 1935. நேரோ கேஜ்." கைவேலைன்னா அப்படி ஒரு கைவேலை. ரெசின் ஊத்தி கடல் தண்ணி செஞ்சிருந்தார். குடோன் செவுத்துல செங்கல் ஒவ்வொண்ணாத் தெரியுது. கிரேன் கொக்கியில நூல் கூட கரெக்ட்டான தடிமன். அதுக்கெல்லாம் என் தலை தாழ்ந்த வணக்கம், கிண்டல் இல்லாம சொல்றேன்.

அப்புறம் வேகன்களைப் பார்த்தேன்.

பக்கவாட்டுல "சதர்ன் ரயில்வே"ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. வேகன் முன்னாடி ரெண்டு பக்கமும் ரெண்டு பஃபர். இழுத்துக்கிட்டு வர்றது ஒய்.பி. எஞ்சின். மேசையோட வடக்கு ஓரத்துல பாதை திரும்புற இடத்துல "எண்ணூர்"னு ஒரு பெயர்ப்பலகை. இது எல்லாமே புதுசா ஷோரூம்ல இருந்து எடுத்துட்டு வந்த மாதிரி பளபளன்னு நிக்குது.

மெதுவா, மரியாதையாத்தான் கேட்டேன். பதில் வந்துச்சு பாருங்க: "இன்னா சார், ஆணியெல்லாம் எண்ணிக்கினு... வண்டி ஓடுதா? பசங்க கை தட்டுதா? அது போதும் சார்."

போதாது சார். ஏன் போதாதுன்னு சொல்லத்தான் இத்தனை பெரிய பதிவு.

முதல்ல கேஜ். நம்ம நாட்டுல ரயில்வே கணக்குப்படி பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ் 1000, நேரோ கேஜ்னா 762 அல்லது 610. வெளிநாட்டுப் பொழுதுபோக்குப் பத்திரிகைகள்ல அவங்க ஊர் ஸ்டாண்டர்ட் 1435. அதுக்குக் கம்மியா இருந்தா எல்லாமே அவங்களுக்கு நேரோதான். அந்தக் கணக்குல நம்ம மீட்டர் கேஜும் நேரோ கேஜ் ஆயிடும். அதனால "நேரோ கேஜ்"ங்கிற வார்த்தையை வெச்சு மட்டும் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். ஊட்டி ரயிலை நேரோ கேஜ்னு சொல்லாதவங்க யாரு? அது சுத்தமான மீட்டர் கேஜ். டார்ஜிலிங்தான் 610, சிம்லாவுக்குப் போறது 762.

ஆனா நம்ம அண்ணன் போட்டிருந்தது 9 மில்லிமீட்டர் தண்டவாளம், 1:87 அளவுல. பெருக்கிப் பாருங்க. 783 வருது. மீட்டர் கேஜ் வேணும்னா இதே 1:87-க்கு 11.5 மில்லிமீட்டர் வேணும். கடையில கிடைக்கிற 12 மில்லிமீட்டர் பாதையைப் போட்டா 1044 ஆகும். அந்த 44 மில்லிமீட்டருக்காக நான் யார்கூடயும் சண்டைக்கு வர மாட்டேன், அது சமரசம். எல்லாரும் செய்யிறோம். இந்தியன் பிராட் கேஜ்னு சொல்லி நம்மள்ல முக்காவாசிப் பேரு ஓட்டுறதே ஐரோப்பாக்காரன் 16.5 மில்லிமீட்டர் பாதையிலதான். 1:87-ல பிராட் கேஜ் வேணும்னா 19.3 இருக்கணும். தெரிஞ்சே விட்டுக்கொடுக்கிறோம், கேட்டா ஒத்துக்கறோம். பெரிய அளவுல, தோட்டத்துல ஓட்டுற எல்.ஜி.பி. வகை 45 மில்லிமீட்டர் பாதை 1:22.5-க்கு அச்சு அசலா மீட்டர் கேஜ். என்ன, அதை வாங்கறதுக்குக் கிட்னியை வித்தாகணும்.

1000 இருக்க வேண்டிய இடத்துல 783 போடறது சமரசம் இல்ல. மீட்டர் கேஜ் வண்டியோட லட்சணமே பாதைக்கு மேல பெட்டி ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கிட்டு நிக்கிறதுதான். பயணிகள் பெட்டியெல்லாம் பாதை அகலத்தைப் போல ரெண்டரை மடங்குக்கு மேல இருக்கும். குச்சிக் கால்ல பெரிய தொப்பை மாதிரி. அந்த விகிதத்தை மாத்திட்டா வண்டியே வேற.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? 9 மில்லிமீட்டரும் 1:87-ம் சேர்ந்தா தமிழ்நாட்டுல நிஜமாவே ஓடின ஒரு நேரோ கேஜுக்குப் பக்காவா பொருந்தும். திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி லைன், 1905. மொரப்பூர் – தருமபுரி லைன், 1906. அது 1913-ல ஓசூர் வரைக்கும் நீண்டுச்சு. ரெண்டும் 762 மில்லிமீட்டர். பஞ்சம் வந்தா தானியம் கொண்டுபோக வழி வேணும்னு போட்ட பாதைங்க. ஓசூர் லைனை ரெண்டாம் உலகப்போர் சமயத்துல, 1941-ல மூடினாங்க. இப்போ தருமபுரிப் பக்கம் வயசானவங்க கிட்டகூட அதைப் பத்திக் கேட்டா செவிவழிக் கதையாத்தான் வரும். அண்ணன் தனக்கே தெரியாம தருமபுரி லைனைச் செஞ்சு, அதை ராயபுரத்துல கொண்டாந்து போட்டிருக்கார்! அட்டையில ஊர் பேரை மட்டும் மாத்தியிருந்தா, யாருமே மாடல் செய்யாத ஒரு ரயிலுக்கு முதல் மாடல் செஞ்ச பெருமை கிடைச்சிருக்கும். மொரப்பூர் ஸ்டேஷன்ல இந்தப் பக்கம் பிராட் கேஜ், அந்தப் பக்கம் குட்டி வண்டி. என்ன அருமையான மேசையா இருந்திருக்கும்!

இன்னும் சின்னது வேணுமா? மூணாறு இருக்கே. குண்டளை பள்ளத்தாக்கு ரயில். 1902-ல ஒத்தைத் தண்டவாளத்துல மோனோ ரயிலாத் தொடங்கி, 1908-ல 610 மில்லிமீட்டர் பாதையா மாத்தினாங்க. தேயிலைப் பெட்டிங்க டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில்ல, அங்கேருந்து கயித்துப் பாதையில கீழ கொட்டகுடிக்கு, அப்புறம் போடி. 1924 வெள்ளத்துல மொத்தமா அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. தோட்டத்துல உழைச்சவங்க பெரும்பாலும் நம்ம ஜனங்க. அதையும் யாரும் தொடலை. எல்லாரும் டார்ஜிலிங் செய்யிறாங்க. சரி, புலம்பல் போதும்.

வடசென்னைக்கு வருவோம். எந்தப் பாதை எங்க ஓடிச்சுங்கிறது இந்த ஊர்ல சும்மா பொது அறிவுக் கேள்வி இல்ல. 1856-ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பின முதல் ரயிலு பிராட் கேஜ். மெட்ராஸ் ரயில்வே கம்பெனியோடது. 1908-ல அது சதர்ன் மராட்டா ரயில்வேயோட சேர்ந்து எம் அண்ட் எஸ்.எம். ஆச்சு. ராயபுரம், சால்ட் கோட்டர்ஸ், பேசின் பிரிட்ஜ், பெரம்பூர்னு இந்தப் பக்கம் முழுக்க அவங்க ராஜ்ஜியம். மீட்டர் கேஜ் தெக்கத்தி ஆளு. சவுத் இந்தியன் ரயில்வே. தூத்துக்குடி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர்னு சுத்திட்டு எழும்பூர் வழியா பீச்சுக்கு வந்து நிக்கும். துறைமுகத்துக்குள்ள ரெண்டு கேஜும் இருந்துச்சு. ஆனா பீச்சைத் தாண்டி வடக்கே போற கூடூர் லைன் 1899-ல திறந்ததிலேர்ந்தே பிராட் கேஜ். திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் எதுவுமே மீட்டர் கேஜ் பயணிகள் வண்டியைப் பார்த்தது கிடையாது. "எண்ணூர்"னு பலகை வெச்சு மீட்டர் கேஜ் எஞ்சினை ஓட்டறது, மெரினாவுல மலை ரயில் விடற மாதிரி.

சரி, ரெண்டும் ரயிலு தானே, எந்தப் பாதையா இருந்தா என்னன்னு கேப்பீங்க. இங்கதான் என் முக்கியமான சண்டையே இருக்கு.

ரெண்டு கேஜ் சந்திக்கிற இடத்துல வண்டி மேல போக முடியாது. சரக்கு போகணும். அப்ப என்ன செய்வாங்க? பக்கத்துல பக்கத்துல ரெண்டு வண்டியை நிறுத்தி, இந்த வேகன்லேர்ந்து மூட்டையை எடுத்து அந்த வேகன்ல அடுக்குவாங்க. அரக்கோணத்துல, காட்பாடியில, எங்கெல்லாம் பெரிய பாதையும் சின்னப் பாதையும் முட்டிக்குதோ அங்கெல்லாம் இதுதான் வேலை. மெஷின் செய்யல. ஆளு செஞ்சாங்க. நெல்லு, உப்பு, சிமெண்ட், உரம், தோல், வேர்க்கடலை எல்லாம் ஒருத்தர் முதுகு மேல ஏறி இறங்கிச்சு. 1676-க்கும் 1000-க்கும் நடுவுல இருக்கிற அந்த 676 மில்லிமீட்டரை இந்த ஊரு ஜனங்க தோள்ல சுமந்திருக்காங்க. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டையில இன்னிக்கும் தாத்தா ஹார்பர்ல மூட்டை தூக்கினார், அப்பா யார்டுல வேலை பார்த்தார்னு சொல்ற குடும்பங்க தெருவுக்குத் தெரு இருக்கும்.

துறைமுகத்தை ஒரே கேஜா செஞ்சு காட்டினா என்ன ஆகுது? கப்பல்லேர்ந்து கிரேன் எடுக்குது, வேகன்ல வைக்குது, எஞ்சின் இழுத்துக்கிட்டு ஜாலியாப் போயிடுது. மூட்டை மாத்தற ஆளுக்கு அந்த மேசையில வேலையே இல்ல. அண்ணன் மேசையில மொத்தம் பன்னெண்டு பொம்மை மனுஷங்க. எண்ணிப் பார்த்தேன் (ஆமாங்க, அதையும் எண்ணினேன்). நாலு பேர் தொப்பி போட்ட வெள்ளைக்காரங்க, ரெண்டு பேர் குடை பிடிச்ச மேம்சாகிப்கள், மீதி ஸ்டேஷன் ஊழியர்கள். மூட்டை தூக்குற ஒரு ஆளு கிடையாது. கேஜைத் தப்பா போட்டதும் இதுவும் தனித்தனித் தப்புன்னு எனக்குத் தோணலை. ஒண்ணு தெரியாததாலதான் இன்னொண்ணு விட்டுப்போச்சு.

அடுத்தது எழுத்து. "சதர்ன் ரயில்வே" பிறந்தது 1951 ஏப்ரல் 14. எஸ்.ஐ.ஆர்., எம் அண்ட் எஸ்.எம்., மைசூர் ஸ்டேட் ரயில்வே மூணையும் சேர்த்து. 1935 வேகன்ல அந்தப் பேர் இருக்கவே முடியாது. எடைக் குறிப்புலயும் இதே கதைதான். 1956-ல எடை அளவுச் சட்டம் வந்து மெட்ரிக்குக்கு மாறுறதுக்கு முன்னாடி வேகனோட சொந்த எடையை டன், ஹண்டர்வெயிட்னுதான் எழுதுவாங்க, கிலோவுல இல்ல.

"எழுத்து தானே, வெறும் பெயிண்ட் தானே"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. எஸ்.ஐ.ஆர்.ங்கிற மூணு எழுத்து வெறும் கம்பெனி முத்திரை கிடையாது. நாகப்பட்டினத்துல இருந்த ஒர்க் ஷாப்பை திருச்சி பொன்மலைக்கு மாத்தறோம்னு சொல்லி ஆட்குறைப்பு செஞ்சதுல 1928-ல பெரிய வேலைநிறுத்தம் வெடிச்சுது. சிங்காரவேலர் அதுலதான் ஜெயிலுக்குப் போனார். பீச் ஸ்டேஷன் பக்கத்துல ராஜாஜி சாலையில கலெக்டர் ஆபீஸ் இருக்கே, சிங்காரவேலர் மாளிகை, அவரேதான். 1935 வேகன்ல எஸ்.ஐ.ஆர்.னு எழுதறப்போ, அந்தப் போராட்டம் நசுக்கப்பட்டு ஏழு வருஷம் ஆன ஒரு கம்பெனியோட வண்டியைச் செய்யிறோம். சதர்ன் ரயில்வேன்னு எழுதினா சுதந்திர இந்தியாவோட அரசாங்க வண்டி. ரெண்டும் ஒண்ணா?

இதே சமாச்சாரம் வேற ஒரு நண்பர் விஷயத்துல நல்லபடியா முடிஞ்சுது. அவர் எம்டன் வந்த ராத்திரியை ஒரு சின்னப் பலகையில செய்யிறேன்னு ஆரம்பிச்சார். 1914 செப்டம்பர் 22, ஜெர்மன் கப்பல் குண்டு போட்டதுல ஹார்பர் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய் டாங்கிகள் எரிஞ்சுதே, அது. (நம்ம ஊர்ல கில்லாடிப் பயலை "சரியான எம்டன்டா"ன்னு சொல்றோமே, அந்த உபயம்.) எரியற டாங்கிக்குப் பக்கத்துல ஒரு டேங்கர் வேகன் வெச்சு, அதுல "பர்மா ஷெல்"னு எழுதிட்டார். பர்மா ஷெல் கம்பெனி வந்ததே 1928-ல. அதுக்கு முன்னாடி பர்மா ஆயில் தனி, ஷெல் தனி. சொன்னேன். மனுஷன் ஒரு வார்த்தை பேசல, தின்னர்ல பஞ்சை நனைச்சு அங்கேயே துடைச்சுட்டார். பர்மா ஷெல்னு எழுதின வேகன் 1928-லேர்ந்து 1976-ல அரசாங்கம் அதை எடுத்துக்கிற வரைக்கும்தான் செல்லும். ஒரே ஒரு பேரு, வண்டிக்கு ஐம்பது வருஷத்துக்குள்ள காலக்கெடு குறிச்சுடுது பாருங்க.

பேர்ப்பலகையும் அப்படித்தான். விழுப்புரம் – திருச்சி கார்டு லைனை அது மீட்டர் கேஜா இருந்த காலத்துல செய்யணும்னு ஒருத்தருக்கு ஆசை. நல்ல ஆசை. கல்லக்குடி ஸ்டேஷன் வருது. பலகையில என்ன எழுதுவீங்க? 1953 ஜூலையில "டால்மியாபுரம்"னு இருந்த பேரை மாத்தச் சொல்லித்தான் திமுக போராட்டம், கருணாநிதி தண்டவாளத்துல படுத்தது எல்லாம். "கல்லக்குடி"ன்னு போட்டு முன்னாடி புது ஒய்.பி. எஞ்சினை நிறுத்தி 1952-ன்னு சொன்னா, நடந்த போராட்டத்தையே நடக்கலைன்னு சொல்றீங்கன்னு அர்த்தம். ஒரு இஞ்ச் பலகை. அதுல இவ்ளோ இருக்கு.

எஞ்சினைச் சீக்கிரமா முடிச்சுடறேன். ஒய்.பி. ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் வடிவமைச்சது. 1935-ல அதுக்குப் பேர்கூட வைக்கலை. அதோட 1931-லேயே பீச்சிலேர்ந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் வந்தாச்சு. 1500 வோல்ட் டி.சி. இந்தியாவுல மீட்டர் கேஜ்ல மின்சாரம் முதல்ல நம்ம ஊருக்குத்தான். அப்ப 1935-ல பீச் பக்கம் மேல கம்பி போகணும்ல? அண்ணன் மேசையில ஒரு கம்பம்கூட இல்ல. இந்த ஊரு பெருமைப்பட்டுக்க வேண்டிய விஷயத்தையே கழட்டி வெச்சுட்டு, நீராவிப் புகை மட்டும் போதும்னு விட்டுட்டார். "பழைய காலம்"னா புகை வரணும்னு சினிமா நமக்குக் கத்துக்கொடுத்திருக்கு, என்ன செய்ய.

பஃபர். மீட்டர் கேஜ் வண்டிக்கு நடுவுல ஒரே ஒரு பஃபர், அதுலேயே கொக்கியும் சேர்ந்து இருக்கும். ரெண்டு பக்கமும் ரெண்டு பஃபர், நடுவுல ஸ்க்ரூ கப்ளிங் இருந்தது அந்தக் கால பிராட் கேஜுக்கு. அண்ணன் வெளிநாட்டு வேகனை வாங்கி, சக்கரத்தை மட்டும் மாத்தி, காவி அடிச்சுட்டார். அதைக் கழட்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? ஒரு பிளேடு, பத்து நிமிஷம். நான் ஒண்ணும் அச்சு ஆணி ஆணியா எண்ணச் சொல்லலை. முகத்துல ரெண்டு மூக்கு இருக்கிற ஆளை வரைஞ்சுட்டு, "படம் தானே"ன்னு சொன்னா ஒத்துப்பீங்களா?

பளபளப்பைப் பத்திச் சொல்லாம விட முடியாது. கடலோர யார்டுல உப்புக் காத்து இரும்பை என்ன செய்யும்னு ராயபுரத்துல சைக்கிள் வெச்சிருந்தவங்களுக்குத் தெரியும். அதுவும் உப்பு ஏத்தின வேகன்னா அடிப்பலகை ஓரத்துலேர்ந்து துரு ஏறும். செங்காவி பெயிண்ட் வெயில்ல வெளுத்து ஒரு மாதிரி இளஞ்சிவப்பா ஆகும். கதவுக்குக் கீழ, ஆளுங்க ஏறி இறங்குற இடத்துல பெயிண்டே இருக்காது.

இதுக்குக் கொஞ்சம் பின்னால வர்றது பிராட் கேஜ் கதை, ஆனாலும் சொல்லியாகணும். பாரதி டாக் வந்தப்புறம் பெல்லாரி – ஹோஸ்பேட் பக்கத்துலேர்ந்து இரும்புத்தாது ரயில் ரயிலா ராயபுரம் பக்கம் வந்துச்சு. நிலக்கரியும் வந்துச்சு. ஒண்ணு செவப்பு, ஒண்ணு கறுப்பு. வேகன் மேல மட்டுமா படிஞ்சுது? மாடியில காயப்போட்ட துணியில, சோத்துப் பானையில, குழந்தைங்க நெஞ்சுல படிஞ்சுது. ஜனங்க வருஷக்கணக்காக் கத்தி, கோர்ட்டுக்குப் போயி, 2011-ல உயர் நீதிமன்ற உத்தரவாலதான் அந்த ரெண்டு சரக்கும் சென்னைத் துறைமுகத்துல நின்னு, எண்ணூர்ப் பக்கம் போச்சு. (எண்ணூர்க்காரங்க கதி என்னன்னு அவங்களைக் கேளுங்க. அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே அவங்க வாசல்ல.) 1990-கள் ராயபுரம்னு ஒருத்தர் பாக்ஸ்-என் வேகன் வரிசையை நிறுத்தி, அதுல தூசியே இல்லாம வெச்சா, அவர் செஞ்சது மாடல் இல்ல, துறைமுகத்துக்கு விளம்பரப் படம். தூசி அடிக்க என்ன செலவு? சாக்பீஸ் தூள், கொஞ்சம் அடுப்புக்கரி. முடிஞ்சுது.

இப்ப எதிர்வாதங்களுக்கு வருவோம். "சாமான் கிடைக்க மாட்டேங்குது." நெசம். நம்ம மீட்டர் கேஜ் வேகனை எவனும் ரெடிமேடா விக்கிறதில்ல. ரிச்சி ஸ்ட்ரீட்ல மோட்டார் கிடைக்கும், பாரீஸ்ல பித்தளைத் தகடு கிடைக்கும், மத்ததெல்லாம் கையாலதான். ஆனா கிடைக்காத சாமானுக்கும் எழுதுற எழுத்துக்கும் என்ன சம்பந்தம்? தப்பான பேரை எழுதவும் அதே பெயிண்ட்தான், சரியான பேரை எழுதவும் அதே பெயிண்ட்தான். இப்பத்தான் த்ரீ-டி பிரிண்டர் வந்து, படம் இருந்தா பாகத்தை அடிச்சு எடுத்துக்கலாம்ங்கிற நிலைமையும் வந்துடுச்சே.

"என் கற்பனை ரயில்வே, நான் என்ன வேணா செய்வேன்." தாராளமா! கற்பனை ஊர், கற்பனைக் கம்பெனி, கற்பனை கேஜ். முதல் ஆளா வந்து கை தட்டுவேன். ஆனா அப்ப அட்டையில "ராயபுரம், 1935"னு எழுதாதீங்க. ஊரையும் வருஷத்தையும் எழுதின அடுத்த நிமிஷம் அது உங்க வீட்டு விஷயம் இல்ல.

"பசங்களுக்கு என்ன தெரியப்போவுது." இதுதான் இருக்கிறதுலயே மோசம். பசங்களுக்குத் தெரியாதுங்கிறதாலதான் சரியாக் காட்டணும். பீச் – தாம்பரம் மீட்டர் கேஜ் 2004-ல நின்னுபோச்சு. அந்த வருஷம் பிறந்த பிள்ளைங்க இன்னிக்கு வேலைக்குப் போறாங்க. 1992-ல ஒரே கேஜ்னு தொடங்கின திட்டத்துல ஒவ்வொண்ணா மாறி, இப்போ தமிழ்நாட்டுல மீட்டர் கேஜ் மிச்சம் இருக்கிறது நீலகிரி மலையில மட்டும்தான். எஞ்சினையாவது நாலு ஸ்டேஷன் வாசல்ல பெயிண்ட் அடிச்சு நிறுத்தியிருக்காங்க. வேகனை யார் நிறுத்துவா? எடைக்குப் போட்டு, கேஸ் கட்டர்ல அறுத்து, உருக்கி, கம்பியாக்கி, யாரோ வீட்டு சென்ட்ரிங்குக்குள்ள போயாச்சு. கூட்ஸ் வண்டியை நின்னு போட்டோ எடுத்தவங்களும் ரொம்பக் கம்மி. அப்ப இருபது வருஷம் கழிச்சு ஒரு பையன் "மெட்ராஸ் ஹார்பர் மீட்டர் கேஜ் வேகன் எப்படி இருந்துச்சு"ன்னு தேடினா அவனுக்கு முதல்ல கிடைக்கப் போறது நீங்களும் நானும் செஞ்ச மாடலோட போட்டோதான்.

மிகைப்படுத்தறேன்னு நினைக்கிறீங்களா? பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல இ.ஐ.ஆர். 21-ன்னு ஒரு பழைய எஞ்சினைப் புதுப்பிச்சு 2010-ல ஓட்டிக் காட்டினாங்க. அருமையான வேலை, நம்ம ஊர்த் தொழிலாளிங்க கைவண்ணம். ஆனா அது 1855 வாக்குல வந்த ஈஸ்ட் இந்தியன் ரயில்வே எஞ்சின், வங்காளத்துக்காரன். ராயபுரம் – வாலாஜா ரோடு முதல் ரயிலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சென்னையில ஓடினதைப் பார்த்ததால, "ராயபுரத்திலிருந்து புறப்பட்ட முதல் ரயில்"னு தலைப்புப் போட்டு அந்தப் படத்தை ஒட்டி என் கைப்பேசிக்கே எத்தனையோ தடவை வந்திருக்கு. திருத்திச் சொன்னா, "எல்லா குரூப்லயும் இதான் சார் போட்டிருக்காங்க"ன்னு பதில். அசல் எஞ்சினுக்கே இந்த கதின்னா, அசலே இல்லாத வேகனுக்கு?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. மாடலுக்குப் பக்கத்துல இருக்கிற அட்டையில நாலு வரி சேருங்க. எந்த வருஷம், எந்தக் கம்பெனி, நிஜத்துல என்ன கேஜ், நீங்க என்ன போட்டிருக்கீங்க, எதை விட்டுக்கொடுத்தீங்க. "நிஜத்தில் மீட்டர் கேஜ், இங்கே கிடைத்த 9 மி.மீ. பாதையில் ஓடுகிறது"ன்னு எழுதினா யார் தலையும் போயிடாது. உங்க மேல மதிப்புதான் கூடும். அதோட தயவுசெஞ்சு மூட்டை தூக்க நாலு ஆளை வைங்க. வெள்ளைக்காரப் பொம்மையைக் கொஞ்சம் பழுப்பு அடிச்சு, வேட்டியை மடிச்சுக்கட்டி, தலையில முண்டாசு சுத்தினாப் போதும்.

இன்னொரு உதவி. எனக்கு இப்போ துறைமுகத்துல நின்ன மீட்டர் கேஜ் மூடு வேகன் ஒண்ணு வேலையில இருக்கு. கதவுக்குப் பக்கத்துல ஓவர்ஹால் தேதியும், பொன்மலைக்கான ஜி.ஓ.சி. குறியும் எந்த உயரத்துல, எந்த அளவு எழுத்துல இருந்துச்சுங்கிறதுக்குப் படம் தேடிட்டிருக்கேன். உங்க வீட்டுப் பழைய ஆல்பத்துல ஹார்பர்லயோ, சால்ட் கோட்டர்ஸ்லயோ, பீச் யார்டுலயோ வேலை பார்த்த அப்பா, தாத்தா, மாமா யாராவது கூட்டாளிங்களோட நின்னு எடுத்துக்கிட்ட போட்டோ இருந்தா கொஞ்சம் எடுத்துப் பாருங்க. பின்னால வேகன் தெரிஞ்சா சொல்லுங்க. மங்கலா இருந்தாலும் பரவாயில்ல. முன்னால நிக்கிறவங்க என்ன வேலை பார்த்தாங்க, எந்த வருஷம்னு ஞாபகம் இருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க.